ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கிறான்: 9 மாச நாய்க்குட்டி, ரெண்டு பிள்ளைங்க, வயசான மாமியார்

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஜிம்மிக்கு இப்ப 9 மாசம். லேப்ரடார் கலப்பு, 24 கிலோ இருக்கான். ரொம்பப் பாசக்காரன். இதுவரைக்கும் யாரையும் பாத்து உறுமினது இல்ல. ஆனா அவன் இருக்கிற இடத்துல மத்தவங்க நிம்மதியா உக்கார முடியல. கதவைத் திறந்தா போதும், மூஞ்சி வரைக்கும் எகிறுறான். பெரியவனுக்கு 8 வயசு, சின்னவளுக்கு 4. அவ ஓடினா பின்னாலயே ஓடி கவுனைக் கவ்வி இழுக்கிறான். அவனுக்கு அது விளையாட்டுதான், ஆனா போன வாரம் அவ விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ச்சிடுச்சு. மாமியாருக்கு 74 வயசு, கைத்தடி வச்சுதான் நடப்பாங்க. ஜிம்மி ஹால்ல இருந்தா அவங்க ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல. எனக்கு மனசு அடிச்சுக்கிறது அதுக்குத்தான்.

காலையில கணவர் கூட்டிட்டுப் போய் நல்லா ஓட விடுறார். சாயங்காலம் பையன் பந்து எறிவான், அவன் சளைக்கிற வரைக்கும். இவ்வளவு பண்ணியும் ராத்திரி ஏழு மணி ஆனா தலைகால் புரியாம சோபாவுக்கும் கதவுக்குமா ஓடுறான், கையை நீட்டினா கவ்வுறான். அஞ்சு மாசத்துல "உக்காரு"ன்னா டக்குனு உக்காந்தவன் இப்ப திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல. யாருக்காவது குடுத்துடலாம்னு வீட்ல பேச்சு வந்துடுச்சு. எனக்கு மனசு வரல. வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருப்பன்_வீடு:

சகோதரி, இந்த வயசுல எல்லா நாயும் இப்படித்தான் இருக்கும். ஓட்டத்தை இன்னும் கூட்டுங்க, ரெண்டு மணி நேரம் ஓடினா வாலைச் சுருட்டிட்டுப் படுத்துக்கும். மேல எகிறும்போது முழங்காலால நெஞ்சுல ஒரு தட்டு. கவ்வினா பேப்பரைச் சுருட்டி மூக்குல ஒண்ணு. வீட்டுக்கு யார் தலைவன்னு அதுக்குத் தெரியணும். நீங்க சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் அதுக்குச் சோறு. எங்க வீட்ல பல வருஷமா நாய் வளர்க்கிறோம், எல்லாம் இப்படித்தான் வளர்ந்துச்சு.

வாலாட்டி:

மொட்டைமாடி, நீங்க சொன்னதுல எங்கயும் முரட்டுத்தனம் இல்ல. அதனால யாருக்காவது குடுக்கிற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஒரே ஒரு கேள்வி. ராத்திரி, பகல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அவன் எவ்வளவு நேரம் தூங்குறான்? கண்ணை மூடிட்டுக் காதை மட்டும் திருப்பிட்டுக் கிடக்கிறதைக் கணக்குல சேக்காதீங்க. அசந்து தூங்குறதை மட்டும் சொல்லுங்க.

மொட்டைமாடி:

இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல. ராத்திரி பதினொண்ணு மணிக்கு மேலதான் அடங்குவான், அஞ்சரைக்கெல்லாம் எழுந்துடுவான். பகல்ல பசங்களுக்கு லீவு, வீடு சத்தமாவே இருக்கும். அவன் ஹால் நடுவுலதான் படுப்பான். யார் எழுந்தாலும் எழுந்துடுவான், யார் போனாலும் கூடவே போவான். பகல்ல அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல.

வாலாட்டி:

உங்க பிரச்சினையில பெரும்பாதி இதுதான். வளர்ந்த நாயே நாள்ல பாதி நேரத்தைத் தூக்கத்துல கழிக்கும். ரொம்பச் சின்னக் குட்டி 18 மணி நேரம்கூடத் தூங்கும். 9 மாசத்துல, படுத்துக் கிடக்கிறதும் சேர்த்து ஒரு 14 மணி நேரமாவது ஓய்வு கிடைக்கணும்னு நான் பாப்பேன். ஜிம்மிக்கு அதுல பாதிகூடக் கிடைக்கல. தூக்கம் பத்தாத கைக்குழந்தை சாயங்காலம் எதுக்கெடுத்தாலும் வீறிடும் இல்லையா, உங்க ஏழு மணி ஓட்டமும் அந்த வகைதான். அந்த நேரத்துல அவன்கிட்ட தெம்பு மிச்சம் இருக்குன்னு நினைச்சு மறுபடி பந்து எறிஞ்சா இன்னும் மோசமாகும்.

தெம்பு வேற, பரபரப்பு வேற. ஓட்டம் தெம்பைக் கரைக்கும், பரபரப்பை ஏத்தி விடும். பந்து விளையாட்டைக் கவனிச்சுப் பாருங்க: எறியறோம், துரத்துறான், கவ்வுறான், கொண்டு வர்றான், அடுத்த நொடியே மறுபடி எறியறோம். மனசு கீழ இறங்கறதுக்கு இடைவெளியே கிடையாது. வீட்டுக்கு வரும்போது கால் ஓய்ஞ்சிருக்கும், மூளை இன்னும் பந்தைத் தேடிட்டு இருக்கும். தினமும் இப்படி ஓட்டினா அவனோட தாக்குப்பிடிக்கிற சக்திதான் கூடும். கொஞ்ச நாள்ல இதே ஓட்டம் பத்தாமப் போயிடும். கருப்பன்_வீடு அண்ணா சொன்ன ரெண்டு மணி நேரத்தை நான் வேண்டாம்னு சொல்றது இதனாலதான்.

ஓட்டத்தைக் குறைச்சு மோப்பத்தைக் கூட்டுங்க. நமக்கு மூக்குல வாசனை உணர்ற செல் சில பத்து லட்சம்னா நாய்க்கு அது பத்து கோடிக்கும் மேல. ஒரு புதரை முழுசா மோந்து முடிக்கிறதே அதுக்குப் பெரிய வேலை. அஞ்சு மீட்டர் கயிறு ஒண்ணு வாங்கி, கழுத்துப்பட்டையில மாட்டாம ஹார்னஸ்ல (நெஞ்சைச் சுத்திப் போடுற பட்டை) மாட்டுங்க. அவன் போற வேகத்துல போங்க, நிக்கிற இடத்துல நில்லுங்க. "வா வா"ன்னு இழுக்காதீங்க. அரை மணி நேரம் இப்படி நடந்துட்டு வந்த நாய் தண்ணி குடிச்சிட்டுத் தானாப் போய்ப் படுக்கும். காலைச் சாப்பாட்டையும் கிண்ணத்துல வைக்க வேண்டாம். உலர் உணவுன்னா புல்தரையில வீசி விடுங்க, மழை நாள்ல பழைய துண்டுல உருட்டி முடிச்சுப் போட்டுக் குடுங்க. தேடித் தேடித் திங்கட்டும்.

பகல் தூக்கத்துக்கு ஹாலைத் தவிர வேற இடம் வேணும். ஒரு அறை, திரை போட்ட ஒரு மூலை, பழகியிருந்தா கூண்டு. மதியம் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒரு மணி நேரம். உள்ள விடும்போது மெல்றதுக்கோ நக்கறதுக்கோ ஏதாவது குடுங்க. காங்னு விக்கிற ரப்பர் பொம்மைக்குள்ள சாப்பாட்டை அடைச்சு உறைய வச்சுக் குடுத்தா நக்கி நக்கியே கண்ணு சொக்கிடும். வேக வச்ச எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், பிளந்து தொண்டையிலயோ குடல்லயோ குத்தும். தப்புப் பண்ணினதுக்குத் தண்டனையா அந்த அறையில ஒருநாளும் அடைக்காதீங்க, அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டான். முதல் சில நாள் சிணுங்குவான், நீங்க கூடவே உள்ள உக்காந்து புத்தகம் படிங்க. நடுநடுங்கி, எச்சில் ஒழுகி, கதவைப் பிராண்டினான்னா அது பழக்கமின்மை இல்ல, பயம். உடனே நிறுத்திட்டு இங்க வந்து சொல்லுங்க, வேற வழி பாக்கலாம்.

நீலச்சட்டை:

நான் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வாலாட்டி சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் ஒரு உடல் பரிசோதனை. தோல் அரிப்பு, காதில் புண், குடற்புழு, மூட்டு வலி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நாய் ஒரு இடத்தில் படுக்காது. பார்க்கிறவர்களுக்கு அது துறுதுறுப்பாகத் தெரியும். திடீரென்று குணம் மாறியிருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

"உக்காரு" என்றால் கேட்பதில்லை என்கிறீர்கள். அது இந்த வயதின் இயல்பு. வழிகாட்டி நாய்களாகப் பயிற்சி பெற்ற லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகை நாய்களைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கவனித்து 2020-இல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 5 மாதத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட நாய்கள் 8 மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லை அலட்சியம் செய்தன. அதே சொல்லை அந்நியர் சொன்னபோது இந்தச் சரிவு இல்லை. ஒரு வயது வாக்கில் நிலைமை சீரடைந்தது. ஆக, ஜிம்மி கற்றது அழிந்துவிடவில்லை. அவன் பருவ வயதில் இருக்கிறான். சொல்லித் தருவதை இந்தக் காலத்தில் நிறுத்தாமல், எளிய சூழலில், சத்தமில்லாத அறையில், சின்னச் சின்னதாகத் தொடருங்கள்.

இன்னொன்று எலும்பு. இந்த எடையுள்ள நாய்க்குக் கால் எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி மூடி இறுக ஒரு வயது தாண்டலாம், பெரிய வகைகளில் 18 மாதம்கூட ஆகும். அதுவரை கட்டாய நீண்ட ஓட்டம், பந்துக்காக எகிறித் திரும்புவது, படிக்கட்டில் திரும்பத் திரும்ப ஓட விடுவது மூன்றும் வேண்டாம். தானாக ஓடி, தானாக நிற்பதில் தவறில்லை.

கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்று பலர் கேட்கிறார்கள். ஊர் சுற்றுவது, இணைசேர்வதுபோல் மேலேறுவது, மூத்திரம் தெளித்து எல்லை குறிப்பது இவை குறையலாம். விருந்தாளியைப் பார்த்து எகிறுவது அதனால் நிற்காது. எப்போது செய்வது என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

கருப்பன்_வீடு:

நான் கொடுமைப்படுத்தச் சொல்லல. கண்டிப்பு இல்லாம வளர்த்த நாய் நாளைக்கு ஒரு குழந்தையைக் கடிச்சா யார் பொறுப்பு? கூட்டத்துல வாழ்ற பிராணி அது, தலைமை வேணும். எல்லாத்துக்கும் பிஸ்கட் குடுத்தா பிஸ்கட்டுக்குத்தான் பழகும்.

வாலாட்டி:

அண்ணா, பொறுப்புன்னு நீங்க சொல்றதுல எனக்கு முழுச் சம்மதம். வழியிலதான் வேறுபாடு. ஓநாய்க் கூட்டத்துல சண்டை போட்டு ஜெயிச்சவன்தான் தலைவன்ங்கிற கருத்து, ஒண்ணுக்கொண்ணு உறவில்லாத ஓநாய்ங்களை அடைச்சு வச்சுப் பாத்த பழைய ஆய்வுகள்ல இருந்து வந்தது. காட்டு ஓநாய்ங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த டேவிட் மெக் 1999-லயே அதைத் திருத்தி எழுதிட்டார். கூட்டம்னா பெரும்பாலும் அப்பா, அம்மா, அவங்க குட்டிங்க. அவ்வளவுதான்.

முழங்கால் தட்டு விஷயம். எகிறுற நாய்க்கு வேண்டியது நம்ம கவனம். தள்ளறதும், கத்தறதும், முழங்காலை நீட்டறதும் அதுக்குக் கவனம்தான், பாதி நாய்ங்க அதை விளையாட்டாவே எடுத்துக்கும். மீதி நாய்ங்க பயந்துக்கும். பயந்த நாய் கையைப் பாத்தாலே பதுங்கும், உறுமறதை விட்டுட்டு நேராக் கடிக்கப் பழகும். நீங்க கவலைப்படுற அந்தக் குழந்தைக்கு அதுதான் ஆபத்து. பாராட்டும் பரிசும் குடுத்துப் பழக்குறதைத்தான் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021 அறிக்கையில பரிந்துரைக்குது, எந்த வயசு நாயா இருந்தாலும் சரி. பிஸ்கட்டு நிரந்தரம் இல்ல அண்ணா. பழக்கம் ஊறினதும் குறைச்சுக்கலாம், அந்த இடத்துல கதவு திறக்கிறது, கயிறு மாட்டுறது, ஒரு தடவல் இதெல்லாம் பரிசாகும்.

கருப்பன்_வீடு:

பயந்த நாய் உறுமாமக் கடிக்கும்ங்கிறது உண்மை, எங்க தெருவுலயே பாத்திருக்கேன். முழங்கால் யோசனையை அந்த அம்மா விட்டுடட்டும். ஆனா வீட்ல எல்லாரும் ஒரே சட்டம் போடணும்ங்கிறதை நான் விட மாட்டேன். அம்மா சோபாவுல ஏறாதேன்னு சொல்லி, அப்பா மடியில தூக்கி வச்சா எந்த நாயும் திருந்தாது.

வாலாட்டி:

அதுல உங்க பக்கம்தான் அண்ணா நானும். அதையே இந்த இழையோட முதல் விதியா வச்சுக்கலாம். ஒருத்தர் எகிறும்போது கொஞ்சறது, இன்னொருத்தர் திட்டறதுன்னா "எப்பவாவது பலிக்கும்"னு நாய் புரிஞ்சுக்கும். எப்பவாவது பலிக்கிற பழக்கம்தான் லேசுல போகாது.

சின்னக்குயில்:

எங்க வீட்லயும் ஒரு துடியான நாயும் ஒரு வாண்டும் ஒண்ணா வளர்ந்தாங்க, அதனால பிள்ளைங்க பக்கத்தை மட்டும் நான் சொல்றேன். ஓடறது, கிறீச்சுனு கத்தறது, கையை வீசறது மூணும் நாயைத் துரத்தச் சொல்ற மாதிரிதான். 4 வயசுப் பிள்ளைகிட்ட "ஓடாதே"ன்னா நிக்காது, வேற ஒண்ணு செய்யக் குடுக்கணும். "மரம்"னு ஒரு விளையாட்டு சொல்லிக் குடுங்க. ஜிம்மி பாஞ்சு வந்தா மரமா நிக்கணும்: கையை நெஞ்சோட மடக்கி, கண்ணைத் தரையில வச்சு, வாயைத் திறக்காம. அசையாத பிள்ளைகிட்ட நாய்க்குச் சுவாரசியம் போயிடும். நாய் இல்லாதப்ப முதல்ல பொம்மையை வச்சு ஆடிப் பழகுங்க, பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

தூங்குற நாயையும், சாப்பிடுற நாயையும், எதையாவது மென்னுட்டு இருக்கிற நாயையும் பிள்ளைங்க தொடக் கூடாது. இதுல விட்டுக்குடுக்கிறதே இல்ல. குழந்தைங்களைக் கடிக்கிறது பெரும்பாலும் தெரிஞ்ச நாய்தான், அதுவும் வீட்டுக்குள்ளதான். ரெண்டு நிமிஷமா இருந்தாலும் பெரியவங்க இல்லாம அவங்களைத் தனியா விடாதீங்க. அடுப்படிக்குப் போறப்ப நடுவுல ஒரு தடுப்புக் கதவைச் சாத்திட்டுப் போங்க. பையன் பந்து எறியறதுக்குப் பதிலா தீனியை ஒளிச்சு வைக்கட்டும், 8 வயசுக்கு அது நல்ல வேலை.

விளையாட்டுல பல்லு பட்டுத் தோல் கிழிஞ்சா சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டர்கிட்டப் போயிடுங்க. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்குன்னு சும்மா விடாதீங்க.

மொட்டைமாடி:

எல்லாத்தையும் கணவரோட உக்காந்து படிச்சேன். மருத்துவர்கிட்டக் காட்டினோம், ஒரு காதுல அழுக்கும் லேசான புண்ணும் இருந்துச்சு, மருந்து போடுறோம். பந்தை எடுத்து உள்ள வச்சாச்சு. மதியத் தூக்கம் இன்னும் முழுசாப் பிடிபடல, ஆனா ஒரு நாள் கதவுக்குப் பின்னால குறட்டைச் சத்தம் கேட்டுச்சு. சின்னவ வீடு முழுக்க மரமா நிக்கிறா.

இப்ப என் பெரிய கவலை மாமியார்தான். அவங்களுக்கு நாய் மேல வெறுப்பு இல்ல, கீழ விழுந்துடுவோம்னு பயம். அந்த வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். அவங்களை மரமா நிக்கச் சொல்ல முடியாது.

வாலாட்டி:

அவங்களை வச்சு எதையும் சோதிச்சுப் பாக்கக் கூடாது. ஜிம்மி பழகற வரைக்கும் அவங்க நடமாடுற நேரத்துல ஒண்ணு அவன் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கணும், இல்லேன்னா கயிறு உங்க கையில இருக்கணும். எந்த நேரம் ஹால் யாருதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. உங்க மாமியார் அம்மாவுக்கு அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

அடுத்தது பழக்கம். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில உக்காரட்டும். மடியில ஒரு சின்ன டப்பா, அதுல அவனோட தீனி. நாலு காலும் தரையில இருக்கிற நொடி பாத்து, அவனுக்குப் பின்னால தள்ளி ஒண்ணு வீசட்டும். அவன் திரும்பி, தேடித் தின்னுட்டு மறுபடி வருவான். வந்து நின்னா இன்னொண்ணு. எகிறிக் கதவுல கால் வச்சா அம்மா முகத்தை வேற பக்கம் திருப்பிக்கணும், வேற எதுவும் வேண்டாம். தீனி அவங்க கையில இருந்து வராம எப்பவும் தரையிலதான் விழும், அதனால அவன் பார்வை அவங்க முகத்தைத் தேடாம தரைக்கு இறங்கும். கதவு இல்லாம இதைச் செய்யறதுக்கு அவசரம் வேண்டாம். முதல்ல கயிறோட, அம்மா உக்காந்தபடி. அவங்க எழுந்து நடக்கிறது எல்லாத்துக்கும் கடைசி.

இது கூடவே ஒரு பாய் பழக்குங்க. ஹால்ல ஓரமா ஒரு பாயை விரிச்சு, சொல்லாம கொள்ளாம அவன் போய்ப் படுக்கிறதுக்குக் காத்திருங்க. படுத்ததும் சத்தமாப் பாராட்டாதீங்க, எழுந்துடுவான். மெதுவாக் குனிஞ்சு ரெண்டு முன்னங்காலுக்கும் நடுவுல ஒரு துண்டுத் தீனி வச்சுட்டு வந்துடுங்க. முதல்ல முன்னங்காலை நீட்டி, பின்னங்காலை மடிச்சு, எப்ப வேணா பாயறதுக்குத் தயாராப் படுப்பான். கொஞ்ச நேரத்துல இடுப்பு ஒரு பக்கமாச் சாயும், பின்னங்கால் ரெண்டும் ஒரே பக்கம் வரும், அப்புறம் தாடை தரையைத் தொடும், நீளமா ஒரு மூச்சு விடுவான். இடுப்பு சாயற அந்த நேரத்துக்குத்தான் நல்ல பரிசை எடுத்து வச்சிருக்கணும். படுத்திருக்கிற நாயைக் கண்டுக்காம விட்டு, எழுந்து அட்டகாசம் பண்ணும்போது மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுறது எல்லா வீட்லயும் நடக்குது. அமைதியா இருந்தா ஆதாயம் உண்டுன்னு அதுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க?

ராத்திரி_ஷிப்ட்:

நடுவுல ஒரு கேள்வி. நான் தனி ஆள், வீட்ல இருந்தே வேலை. போன்ல பேச ஆரம்பிச்சா என் குட்டி குரைச்சே நிறுத்த வச்சுடும். கண்டுக்காம விட்டா இன்னும் பலமாக் குரைக்குது. அப்ப கண்டுக்காம விடுறதுல பலன் இல்லைன்னுதானே அர்த்தம்?

வாலாட்டி:

இல்ல தம்பி. இத்தனை நாள் பலிச்சது திடீர்னு பலிக்கலேன்னா முதல்ல அது சத்தத்தைக் கூட்டிப் பாக்கும். அந்த உச்சத்துல நீங்க திரும்பிட்டா "இவ்வளவு சத்தம் போட்டாத்தான் ஆகும்"னு அதுக்குப் பாடமாயிடும். அதனால அந்த இடத்துக்கே வராமப் பாத்துக்கறதுதான் நல்லது. போனை எடுக்கிறதுக்கு முன்னாடியே நடக்க வச்சு, மூத்திரம் போக வச்சு, பாய்ல நக்கறதுக்கு ஒண்ணு குடுத்துடுங்க. பேச ஆரம்பிச்சு அமைதியா இருக்கிறப்பவே ஒரு துண்டுத் தீனி தூக்கிப் போடுங்க, குரைக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க.

நீலச்சட்டை:

இரண்டாவது நாய் வாங்கினால் முதல் நாயின் சக்தி வடியும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். முதல் நாய் வீட்டில் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்ளும் முன் இன்னொன்று வந்தால், இரண்டும் சேர்ந்து ஓடும்.

மொட்டைமாடி:

அடுத்த ஞாயிறு சொந்தக்காரங்க ஏழெட்டுப் பேர் வர்றாங்க, அதுல ஒரு கைக்குழந்தையும் உண்டு. அத்தை நேத்து ரெண்டு தடவை டப்பாவோட உக்காந்தாங்க, ரெண்டாவது தடவை அவனை அவங்களே பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஆனா இந்தக் கூட்டத்துல அவனை எப்படிச் சமாளிக்கிறது?

வாலாட்டி:

ஞாயித்துக்கிழமை பயிற்சி நாள் இல்ல, அதை மனசுல வச்சுக்கோங்க. காலையில நிதானமா நீண்ட மோப்ப நடை. விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடியே அவன் தன்னோட அறைக்குள்ள, கதவு சாத்தி, மெல்றதுக்கு ஏதாவது குடுத்து, ஃபேன் சத்தமோ பாட்டுச் சத்தமோ லேசா வச்சு விடுங்க. வாசல் மணிச் சத்தம், கட்டிப்பிடிப்பு, செருப்புக் கழட்டுறது எல்லாம் முடிஞ்சு எல்லாரும் உக்காந்து அரை மணி நேரம் ஆனப்புறம், கைக்குழந்தை வேற அறையில இருக்கிறப்ப, உங்க கணவர் கயிறோட வெளிய கூட்டிட்டு வரட்டும். கயிறைத் தரையில விட்டு அதும் மேல அவர் கால் வச்சுக்கிட்டா ஜிம்மி நிக்கலாம், படுக்கலாம், ஆனா எகிற முடியாது. கயிறை அவ்வளவு தளர்வா விடுங்க, கழுத்தை இழுக்கக் கூடாது. "எனக்கு நாய்னா உயிர், எகிறட்டும் விடுங்க"ன்னு ஒரு சித்தப்பா கண்டிப்பா இருப்பார். அவர்கிட்ட முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, நாலு காலும் தரையில இருந்தாத்தான் தடவணும்னு.

பத்து நிமிஷம் போதும். கண்ணை அகல விரிச்சு, வாயை அகலமாத் திறந்து மூச்சு வாங்கி, குடுக்கிற தீனியைக்கூடக் கவனிக்கலேன்னா பத்து நிமிஷம்கூட வேண்டாம், உடனே உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க. மாமியார் எங்க உக்காருவாங்கன்னு முதல்லயே முடிவு பண்ணி, அவங்க நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவுல சோபா இருக்கிற மாதிரி போடுங்க.

கருப்பன்_வீடு:

அந்தச் சித்தப்பாவுக்கு நான் வேணா போன் பண்றேன் சகோதரி. ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் எப்படிப் போச்சுன்னு இங்க எழுதுங்க. காதுக்கு மருந்து போடுறதை நடுவுல நிறுத்திடாதீங்க.